பழைய அரபு இதழ் ஒன்றின் வரலாற்றை எழுதுவது எப்படி?

ஓர் இதழின் கதையை எழுத உட்கார்ந்ததும் எல்லோரும் முதலில் தலையங்கத்தைத்தான் புரட்டுவார்கள். நான் அட்டையில் ஆரம்பிக்கச் சொல்வேன். எண், மாதம், ஆண்டு மூன்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி முடிக்கும்வரை உள்ளே போகாதீர்கள்.

பெய்ரூட் இதழ்களில் மாதப் பெயர்தான் காலை வாரும். தஷ்ரீன் இரண்டு, கானூன் இரண்டு. முதல் தஷ்ரீன் அக்டோபர், இரண்டாவது நவம்பர். முதல் கானூன் டிசம்பர், இரண்டாவது கானூனோ அடுத்த ஆண்டின் ஜனவரி. இரண்டுமே ஆண்டுக் கடைசி என்று நினைத்து, ஒரு ஜனவரி இதழைப் பதினொரு மாதம் தள்ளி வைத்துவிட்டேன். என் குறிப்பில் மறுப்பு முதலில் வந்தது, குற்றச்சாட்டு அப்புறம் வந்தது! எண்களிலும் கவனம் வேண்டும். அரபு ஐந்து நம் பூஜ்யம் மாதிரி வட்டமாக இருக்கும். பூஜ்யம் வெறும் புள்ளி. மங்கிய அச்சில் அந்தப் புள்ளி காணாமல் போகும்.

சரி, எந்த இதழை எடுப்பது? ஆயுள் குறைந்த ஒன்றை எடுங்கள். 1892இல் ஜுர்ஜி ஸைதான் கெய்ரோவில் தொடங்கிய 'அல்-ஹிலால்' மாதிரி நூறாண்டு தாண்டியதில் கை வைத்தால் மூழ்கிப் போவீர்கள். நான் எடுத்தது 'ஹிவார்'. பெயருக்கு உரையாடல் என்று பொருள். பெய்ரூட்டில் 1962இல் தொடங்கி 1967இல் நின்றுபோன இருமாத இதழ். ஆசிரியர் பாலஸ்தீனக் கவிஞர் தவ்ஃபீக் ஸாயிக்.

அடுத்து, பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இதற்கு மட்டும் நேரம் கணக்குப் பார்க்க வேண்டாம். ஹிவாருக்குப் பின்னால் இருந்தது 'பண்பாட்டுச் சுதந்திரத்துக்கான காங்கிரஸ்' என்ற சர்வதேச அமைப்பு. அந்த அமைப்புக்கு அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் பணம் போனதை 1966இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அதற்கு முந்தைய ஆண்டே எகிப்திய எழுத்தாளர் யூசுஃப் இத்ரீஸ் ஹிவாரின் பரிசை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்த வரிசை முக்கியம்: சந்தேகம் முந்தியது, செய்தி பிந்தியது. தேதிப் பட்டியல் இல்லாமல் எழுதினால் செய்தி வந்த பிறகே எல்லோரும் விழித்துக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

பணத்தைப் பார்த்த கையோடு தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பொருளடக்கத்துக்குத் திரும்புங்கள். சூடான் எழுத்தாளர் தய்யிப் ஸாலிஹின் 'வடக்கு நோக்கிய இடப்பெயர்வின் பருவம்' நாவல் முதலில் அச்சானது இதே ஹிவாரில், அதே 1966இல். அந்தப் பணம், இந்த நாவல் இரண்டையும் ஒரே பத்தியில் வைக்க எனக்குக் கை வரவில்லை. நான்கு முறை பிரித்து எழுதிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரே பத்தியிலேயே விட்டேன்.

எதிராளியையும் வாசியுங்கள். லெபனான் எழுத்தாளர் ஸுஹைல் இத்ரீஸ் 1953இல் தொடங்கிய 'அல்-ஆதாப்' அதே ஊரில் வந்துகொண்டிருந்தது. எழுத்தாளனுக்குச் சமூகப் பொறுப்பு வேண்டும், அதாவது 'இல்திஸாம்' வேண்டும் என்பது அதன் வாதம். இரண்டின் ஒரே மாத இதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்பது பெயர் சொல்லாமலே தெரியும். பிற்கால நினைவுக்குறிப்புகளை வேறு நிற மையில் எழுதுங்கள். அவற்றில் எல்லோருக்கும் எல்லாம் முன்பே தெரிந்திருக்கும்.

கடைசி இதழோடு நிறுத்தாமல் ஆசிரியர் எங்கே போனார் என்று ஒரு வரி சேருங்கள். ஸாயிக் கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்குப் பாடம் நடத்தப் போனார்; அங்கேயே 1971இல் இறந்தார்.