ஈடேலில் இறங்கி ஹோப்பில் ரயிலேறுங்கள்: மாம் டோர் முகட்டு நடை

மாம் டோர் மலைக்குப் போய்வந்தோம் என்று சொல்கிற பலரிடம் விசாரித்தால், உச்சிக்குச் சற்றுக் கீழே காரை நிறுத்தி, கல் படிகளில் கால் மணி நேரம் ஏறி, நான்கு போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கியிருப்பார்கள். சின்னக் குழந்தையோ, முழங்கால் வலி உள்ள பெரியவர்களோ கூட இருந்தால் அந்த வழிதான் சரி. மற்றவர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அந்த மலையை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் அதன் தலைமேல் நின்றால் போதாது, அதைவிட்டுக் கிழக்கே முகட்டின் மேல் நடந்துபோய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். அரை நாள் நடை, அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்டில் இருக்கிறது இந்த இடம். பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா, 1951இல் அறிவிக்கப்பட்டது. முகட்டுக்கு வடக்கே ஈடேல் பள்ளத்தாக்கு, தெற்கே காசில்டன், ஹோப் ஊர்கள். ஈடேல் ஒரே ஊர் என்றுகூடச் சொல்ல முடியாது, அப்பர் பூத், பார்பர் பூத், நெதர் பூத் என்று ஐந்து குட்டிக் குடியிருப்புகள் சேர்ந்தது. 'பூத்' என்றால் அந்தக் காலத்தில் மாடு மேய்ப்பவர்கள் தங்கிய கொட்டில்.

காரில் போகாதீர்கள், ரயிலில் போங்கள். வார இறுதியில் மேலே உள்ள பார்க்கிங் காலையிலேயே நிரம்பிவிடும், அப்புறம் வருகிறவர்கள் சாலையோரம் நிறுத்தினால் ஆம்புலன்ஸ்கூட நுழைய முடியாது. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே ஓடும் வண்டிகளில் ஈடேலில் நிற்கும் வண்டியா என்று பார்த்து ஏறுங்கள், வேக வண்டிகள் நிற்காது. மான்செஸ்டர் பக்கத்திலிருந்து வந்தால் கௌபர்ன் சுரங்கம், மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஒரே இருட்டு, வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் பச்சை மலை எழுந்து நிற்கும். எத்தனை முறை போனாலும் அந்த இடத்தில் ஜன்னல் பக்கம் இருக்க வேண்டும் எனக்கு.

வழி இதுதான்: ஈடேல் ரயில் நிலையத்திலிருந்து தெற்கே ஹாலின்ஸ் கிராஸ் என்ற முகட்டுக் கணவாய்க்கு ஏறுங்கள், அங்கிருந்து மேற்கே மாம் டோர் உச்சிக்குப் போய்விட்டு அதே வழியில் திரும்பி வாருங்கள், பிறகு கிழக்கே அதே முகட்டில் பேக் டோர், லூஸ் ஹில் என்ற குன்றுகள், கடைசியில் ஹோப்புக்கு இறக்கம். சுமார் 11 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் சுமார் 400 மீட்டர். நேரம் கணக்கிட 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 10 நிமிடம். அப்படிப் பார்த்தால் மூன்று மணி நேரத்துக்குள் முடியும், ஆனால் அது நிற்காமல் நடப்பவர் கணக்கு. சாப்பாடு, வேடிக்கை, போட்டோ எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், அந்த மாதங்களில் மதியத்துக்கு மேல் கிளம்பவே கூடாது.

ஹாலின்ஸ் கிராஸ் ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஈடேலுக்கென்று சொந்தமாகச் சர்ச் வருவதற்கு முன்பு, ஊரில் யாராவது இறந்தால் இந்தச் சரிவின் வழியாகத்தான் மறுபக்கம் காசில்டனுக்குச் சுமந்துபோய்ப் புதைத்தார்கள். மழையிலும் பனியிலும் தோளில் பாரத்தோடு ஏறிய பாதை அது.

மாம் டோர் 517 மீட்டர். பெயருக்குத் தாய் மலை என்று பொருள் சொல்கிறார்கள். அதன் கிழக்கு முகம் சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன் சரிந்தது, பலமற்ற களிப்பாறையின் மேல் மணற்பாறை அடுக்குகள் உட்கார்ந்திருப்பதால் சரிவு இன்னும் ஓயவில்லை, அதனால் நடுங்கும் மலை என்றும் ஒரு பெயர். அந்தச் சரிவின் மேல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாலை போட்டார்கள், அது உடைய உடையப் பழுதுபார்த்தார்கள், 1979இல் போதும் என்று வண்டிகளுக்கு மூடிவிட்டார்கள். நேரம் இருந்தால் இன்னொரு நாள் காசில்டன் பக்கமிருந்து அந்தப் பழைய சாலையில் நடந்து பாருங்கள். விரிசல் பக்கத்தில் குனிந்து பார்த்தால் ஒன்றின்மேல் ஒன்றாகத் தார் அடுக்குகள் தெரியும், ஒவ்வொரு அடுக்கும் ஒரு பழுதுபார்ப்பு. நடுக்கோடு ஓர் இடத்தில் அப்படியே முறிந்து கீழே இறங்கியிருக்கும்.

உச்சியைச் சுற்றி வளைந்து போகும் மேடு இயற்கையானது அல்ல, பழங்காலக் கோட்டையின் மண்மதில். உள்ளே சரிவில் தட்டையாக வெட்டிய இடங்கள் 3000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் குடிசை போட்டு வாழ்ந்த தளங்கள். அதனால்தான் கல் பாவிய பாதையை விட்டு இறங்காதீர்கள் என்கிறார்கள். வடக்கே நீளமாக, மேசை போலத் தெரிவது கிண்டர் ஸ்கவுட், 636 மீட்டர், இந்தப் பகுதியிலேயே உயரமானது. ஒரு காலத்தில் அங்கே சாதாரண ஜனங்கள் கால் வைக்க முடியாது, வேட்டைக்காக நிலக்கிழார்கள் அடைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று தொழிலாளர்கள் கூட்டமாகத் தடையை மீறி ஏறினார்கள், ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். நாம் இன்று டிக்கெட் இல்லாமல் இந்த மலைகளில் நடப்பதற்கு அவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

இப்போது முக்கியமான விஷயம்: எந்த நேரத்தில் எங்கே நிற்பது? காலை வெளிச்சம் கிழக்கிலிருந்து மாம் டோரின் சரிந்த முகத்தில் நேராக விழும். அதைப் பார்க்க நீங்கள் முகட்டில் கிழக்குப் பக்கம் இருக்க வேண்டும். என் தேர்வு பேக் டோர். அதன் விளிம்பில், ஒற்றை மரத்துக்குப் பக்கத்தில் நின்று மேற்கே திரும்பினால், நீங்கள் நடந்துவந்த கல் பாதை முகட்டின் மேல் நெளிந்து நெளிந்து போய் மாம் டோரில் ஏறுவது முழுசாகத் தெரியும். மாலையில் இது தலைகீழ், அப்போது மாம் டோரில் நின்று கிழக்கே பாருங்கள்.

மேகக் கடல் பார்க்க ஆசை இருந்தால் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலையுதிர் காலத்திலிருந்து வசந்தத் தொடக்கம் வரை, முந்தின இரவு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்து, காற்றும் இல்லாமல், வானிலை அறிக்கையில் உயர் அழுத்தம் என்று போட்டிருந்தால் வாய்ப்பு உண்டு. குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கும், அதிலுள்ள ஈரம் மூடுபனியாகும், முகடு மட்டும் தீவு போல வெளியே நிற்கும். ஹோப் சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி மட்டும் வெள்ளையைத் துளைத்துக்கொண்டு தெரியும். சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பே மாம் டோர் மேல் இருங்கள், அதற்கு முந்தின இரவு ஈடேலிலோ காசில்டனிலோ தங்குவது நல்லது. வெயில் ஏறினால் சீக்கிரம் கரைந்துவிடும்.

நான் ஏன் இந்தத் திசையில் போகச் சொல்கிறேன் என்றால், பேக் டோரின் மேற்குப் பக்கம் செங்குத்து, உதிரிக் கல். ஏறுவது எளிது, இறங்குவது கஷ்டம். ஒரு பிப்ரவரியில் எதிர்த்திசையில் வந்து, ஓட்டப்பயிற்சி ஷூவோடு அந்த ஈரக் கல்லில் இறங்கும்போது சறுக்கி, கை ஊன்றி, மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் அவதிப்பட்டேன். அடிப்பகுதியில் நல்ல பிடிப்புள்ள பூட்ஸ் வாங்குங்கள், மற்ற எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பார்க்கலாம்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். முகட்டில் ஒதுங்க இடமே கிடையாது, ஜூலையிலும் மழைக்கும் காற்றுக்கும் தாங்கும் ஜாக்கெட் பையில் இருக்கட்டும். ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் ஓ.எல்.1 வரைபடம், விசில், டார்ச், சார்ஜ் உள்ள போன். ஆபத்து என்றால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேளுங்கள். வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். போனில் சிக்னலே இல்லாவிட்டால் ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. சிக்னல் மங்கலான இடத்தில் குறுஞ்செய்தி போய்விடும், அதற்கு வீட்டிலிருந்தே 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பிப் பதிந்துவைக்க வேண்டும்.

கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள். ஆட்டுக்குட்டி இருக்கும் காலத்தில் நாயைக் கயிற்றிலேயே வைத்திருங்கள். அடுப்பு, பார்பிக்யூ எதுவும் கூடவே கூடாது, மக்கிய செடிகளால் ஆன கரிமண் காய்ந்திருந்தால் உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் எரியும். புளிச்சாதமும் ஃபிளாஸ்கில் டீயும் போதும்.

லூஸ் ஹில் 476 மீட்டர். உச்சி நிலத்துக்கு வார்ட்ஸ் பீஸ் என்று பெயர், நடக்கும் உரிமைக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த ஷெஃபீல்டுக்காரர் ஜி.எச்.பி. வார்டுக்கு 1945இல் தரப்பட்டு, அவர் இயற்கை இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கே கொடுத்துவிட்டார். எந்தத் திசையில் எந்த மலை என்று காட்டும் வட்டத் தகடு அங்கே இருக்கிறது, கூட வந்த பிள்ளைகளை அதில் தேட விடுங்கள். பிறகு வயல்கள் வழியாக இறக்கம். ஹோப் ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, கிழக்கே ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஆகவே டீக்கடையை விட்டு ரயில் நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே கிளம்பிவிடுங்கள்.