நெல்லைச் சீமையிலிருந்து டொராண்டோ வருகிறவர்களுக்கு: மனசைப் பார்த்துக்கொள்ளும் வழி

முதல் இரண்டு மூன்று மாதம் வாடகை வீடு, பேங்க் கணக்கு, வேலை தேடல் என்று ஓட்டத்திலேயே போய்விடும். அது அடங்கியபின் மனசு முரண்டு பிடிப்பது உண்டு. வேலையும் கிடைத்தாயிற்று, பிறகு ஏன் இந்த அழுகை என்று குழம்ப வேண்டாம். உளவியலில் இதைப் பண்பாட்டு மாற்றத்தால் வரும் அழுத்தம் என்பார்கள். உங்கள் கோழைத்தனம் அல்ல அது.

டொராண்டோவுக்குக் கிழக்கே, கிங்ஸ்டனில் உள்ள குவீன்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் பெர்ரி இதை இரண்டு கேள்விகளாகப் பார்த்தார். ஊர்ப் பழக்கத்தை வைத்துக்கொள்கிறோமா? வந்த நாட்டு ஆட்களோடு பழகுகிறோமா? இரண்டுக்கும் ஆம் என்பவர்கள், முதல் கேள்விக்கு மட்டும் ஆம் என்பவர்கள், இரண்டாவதுக்கு மட்டும் ஆம் என்பவர்கள், இரண்டையும் விட்டவர்கள் என நான்கு வகை வருகிறது. பெர்ரியும் ஜீன் ஃபின்னி என்ற உளவியலாளரும் வேறு சிலரும் 13 நாடுகளில், குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் 5,366 பேரை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். மனநலத்திலும் படிப்பு, பழக்கவழக்கத்திலும் சேர்ந்தே நன்றாக இருந்தவர்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டவர்கள்தான். ஆனால் ஒதுக்கிவைப்பை உணர்ந்த பிள்ளைகளின் நிலை மோசமாகவே இருந்தது. ஆகவே எல்லாம் உங்கள் முயற்சியில்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன அடையாளத்தை அளக்க ஃபின்னி உருவாக்கிய கேள்விப் பட்டியலின் சுருக்க வடிவத்தில் ஆறே கேள்விகள். மூன்று, தன் இனத்தைப் பற்றித் தேடி அறிந்தீர்களா என்பது. மூன்று, அதோடு ஒட்டுதல் உண்டா என்பது. நமக்கு ஒட்டுதல் தானாக வந்துவிடும், தேடல்தான் குறைவு. ஊரில் யாராவது “எந்த ஊரு?” என்றால் அம்பை, வள்ளியூர் என்று சொன்னால் போதும், மீதியை அவர்களே கணித்துக்கொள்வார்கள். இங்கே படிவத்தில் ‘சவுத் ஏசியன்’ என்று ஒரே கட்டம். டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் சந்திக்கும் தமிழர்களில் பெரும்பாலோர் ஈழத்தவர். அவர்களுக்குச் சொதி என்றால் இடியாப்பத்துக்கு ஊற்றும் நீர்த்த தேங்காய்ப்பால். நமக்கோ கல்யாணத்துக்கு மறுநாள், பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டு, இஞ்சிப் பச்சடியோடு வைக்கிற விருந்து. அந்த வித்தியாசத்தைப் பேசி, இரண்டையும் சமைத்துச் சாப்பிடுங்கள். தேடல் என்பது இப்படித்தான் தொடங்கும். வாரத்தில் ஒரு பொழுது நம் ஆட்களோடு, ஒரு பொழுது தமிழே இல்லாத இடத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நூலகத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நடக்கிறதா என்று கேளுங்கள்.

ஊருக்குப் போன் பேசுவதில்தான் அதிகம் தவறுகிறோம். கோடையில் ஊர் ஒன்பதரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் பத்தரை. இரவு 8.30-க்குக் கூப்பிட்டால் பாளையங்கோட்டையில் காலை 6 அல்லது 7 மணி. அம்மா காபி போடுகிற நேரம், உங்கள் தூக்கமும் கெடாது. நள்ளிரவில் படுத்தபடி பேசும் பழக்கம் வேண்டவே வேண்டாம். “நல்லா இருக்கேம்மா” என்று தினமும் சொல்வதைவிட, வாரம் இரண்டு முறை கூப்பிட்டு உள்ளதைச் சொல்வது நல்லது.

டிசம்பர் கடைசியில் இங்கே பகல் 9 மணி நேரம்கூட இல்லை. நெல்லையில் அன்றைக்கும் பதினொன்றரை மணி நேரம் வெளிச்சம் உண்டு. வெளிச்சக் குறைவால் சோர்வும் அதிகத் தூக்கமும் வரலாம். காலையில் அரை மணி நேரம் வெளியே நடங்கள். முடியாவிட்டால் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) விளக்கின் முன் 30 நிமிடம் உட்காரலாம். கண்நோயோ இருமுனை மனநோயோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

டாக்டரிடம் நாம் சொல்வது, “நெஞ்சு அடைக்கு, தலை கிறுகிறுன்னு வருது.” அவர் இதயத்தையும் வயிற்றையும் சோதித்து அனுப்பிவிடுவார். கூடவே “தூக்கம் இல்லை, எதிலும் மனசு ஓடவில்லை, இத்தனை வாரமாக” என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள், கடந்த இரண்டு வாரத்தைக் கேட்கும், மொத்தம் 27 மதிப்பெண். பத்தோ அதற்கு மேலோ வந்தால் டாக்டரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பைப் பற்றியது ஒன்பதாவது கேள்வி. அதில் ஒரு மதிப்பெண் வந்தாலும் மொத்தத்தைப் பார்க்காமல் அன்றைக்கே பேசுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே கேளுங்கள். வருபவர் ஈழத்தவராக இருக்கலாம். நெல்லைப் பேச்சு புரியாவிட்டால் நிதானமாகத் திரும்பச் சொல்லுங்கள். சொந்தக்காரரையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க வைத்தால் முக்கியமானதை மறைத்துவிடுவீர்கள்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே மாத்திரை வாங்குபவர் பயணத்துக்காக அதை நிறுத்தக் கூடாது. மருந்தின் மூலப்பெயரோடு ஆங்கிலத்தில் சீட்டு வாங்கி, மாத்திரையை அதன் அட்டையிலேயே கொண்டுவாருங்கள்.

தற்கொலை எண்ணம் வந்தால் கனடாவில் 988, எந்த நேரமும், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். பக்கத்தில் என்னென்ன உதவி உண்டு என்று தெரிய 211. ஊரில் உங்களை நினைத்துத் தூங்காமல் கிடக்கும் பெற்றோருக்கு 14416 என்ற டெலிமானஸ் (இந்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அங்கே தமிழிலேயே பேசலாம்.