அரசர் தினத்துக்கு ஆரஞ்சு டொம்பூஸ்: வீட்டிலேயே செய்வது எப்படி?

நெதர்லாந்தில் ஏப்ரல் 27 அரசர் தினம், வில்லெம்-அலெக்சாந்தர் அரசரின் பிறந்தநாள். அன்று ஊரே ஆரஞ்சு உடுத்தித் தெருவில் இருக்கும். பிள்ளைகள் நடைபாதையில் போர்வை விரித்துத் தங்கள் பழைய பொம்மைகளை விற்பார்கள். பேக்கரிகளில் ஆண்டு முழுக்க இளஞ்சிவப்பு ஐசிங்கோடு கிடைக்கும் டொம்பூஸ், இந்தப் பண்டிகைக்கு ஆரஞ்சுக்கு மாறிவிடும். அரச குடும்பம் ஆரஞ்சு-நசாவ் வம்சம், அதனால்தான் எங்கும் இந்த நிறம்.

இரண்டு மொறுமொறு பஃப் பேஸ்ட்ரி துண்டுகள், நடுவில் கெட்டியான வெனிலா க்ரீம், மேலே ஐசிங். டொம்பூஸ் என்றால் இவ்வளவுதான். நெதர்லாந்தில் பெரும்பாலும் கடையில்தான் வாங்குவார்கள். ஆனாலும் வீட்டில் செய்யச் சொல்வேன். க்ரீமின் ஈரம் பேஸ்ட்ரியில் ஏறுவதற்கு முன்பே சாப்பிடும் வாய்ப்பு வீட்டில்தான் இருக்கிறது. அதற்காகவே மூன்று பாகங்களையும் தனித்தனியாகத் தயார் செய்து, பரிமாறுவதற்குக் கொஞ்சம் முன்பு சேர்க்கப்போகிறோம்.

தேவையானவை (6 டொம்பூஸ்)

பஃப் பேஸ்ட்ரி ஷீட் 300 கிராம். நம் ஊர் பேக்கரி முட்டை பப்ஸில் வரும் அதே அடுக்கு மாவுதான். வெண்ணெயில் செய்த ஷீட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். மார்கரின் போட்டது வாயில் பிசுபிசுவென்று தங்கும்.

க்ரீமுக்கு: பால் 500 மி.லி., முட்டை மஞ்சள் கரு 4, சர்க்கரை 100 கிராம், கார்ன்ஃப்ளார் 55 கிராம், வெண்ணெய் 25 கிராம், வெனிலா எசன்ஸ் 1 டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு.

ஐசிங்குக்கு: ஐசிங் சர்க்கரை 150 கிராம், தண்ணீர் 4 முதல் 5 டீஸ்பூன், ஆரஞ்சு ஃபுட் கலர். கலர் இல்லையென்றால் மஞ்சளையும் சிவப்பையும் கலந்துகொள்ளலாம்.

முதலில் க்ரீம்

இதை முந்தைய நாளே செய்துவிடுங்கள். மஞ்சள் கரு, பாதிச் சர்க்கரை, கார்ன்ஃப்ளார், கால் டம்ளர் குளிர்ந்த பால் நான்கையும் கட்டியில்லாமல் அடித்துக்கொள்ளுங்கள். மீதிப் பாலை மீதிச் சர்க்கரை, உப்புடன் சூடாக்குங்கள். ஓரத்தில் நுரை கட்டும்போது அடுப்பை அணைத்து, ஒரு கரண்டி சூடான பாலை முட்டைக் கலவையில் விட்டுக் கிளறுங்கள். இன்னும் இரண்டு கரண்டி விடுங்கள். சூட்டுக்கு மெல்லப் பழகினால் முட்டை திரியாது. அப்புறம் எல்லாவற்றையும் பால் பாத்திரத்தில் ஊற்றி, மிதமான தீயில் கை விடாமல் கிளறுங்கள்.

சீக்கிரமே கெட்டியாகிவிடும். பலரும் இங்கேயே இறக்கிவிடுவார்கள். நீங்கள் இறக்க வேண்டாம். நடுவில் பளக் பளக் என்று குமிழி வெடிக்க ஆரம்பித்த பிறகும் ஒன்றரை நிமிடமாவது கிளறுங்கள். முட்டை மஞ்சள் கருவில் அமிலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது மாவுச்சத்தை உடைக்கும். நன்றாகக் கொதித்தால்தான் அது செயலிழக்கும். இல்லையென்றால் இரவு கெட்டியாக இருந்த க்ரீம் காலையில் தண்ணீராக இளகி நிற்கும்.

இறக்கி வெண்ணெயும் வெனிலாவும் சேர்த்து, அகலமான தட்டில் ஊற்றுங்கள். க்ளிங் ஃபிலிமை க்ரீமின் மேல் ஒட்டினாற்போல மூடினால் ஆடை படியாது. சூடு ஆறியதும் ஃப்ரிட்ஜில் குறைந்தது 4 மணி நேரம் இருக்கட்டும். முட்டை சாப்பிடாதவர்கள் மஞ்சள் கருவையும் கார்ன்ஃப்ளாரையும் விட்டு, 60 கிராம் வெனிலா கஸ்டர்ட் பவுடர் போட்டு இதே மாதிரி காய்ச்சலாம்.

பேஸ்ட்ரி

அவனை 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். ஷீட்டை சுமார் 32 × 24 செ.மீ. அளவுக்குத் தேய்த்து, பேக்கிங் பேப்பர் விரித்த ட்ரேயில் வையுங்கள். சின்ன அவன் என்றால் இரண்டாக வெட்டி இரண்டு தடவை சுடுங்கள். மாவு இளகியிருந்தால் 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தொடருங்கள்.

முள்கரண்டியால் ஷீட் முழுக்கக் குத்துங்கள். மேலே இன்னொரு பேப்பர், அதன்மேல் இன்னொரு ட்ரே. பப்ஸ் மாதிரி உப்பக் கூடாது, தட்டையாக, அடுக்கு அடுக்காக நொறுங்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பாரம். 20 நிமிடம் கழித்து மேல் ட்ரேயை எடுத்துவிட்டு, நல்ல பழுப்பு நிறம் வரும்வரை 5 முதல் 8 நிமிடம் சுடுங்கள். வெளிறிய பேஸ்ட்ரி சீக்கிரம் நமத்துப்போகும்.

முழுக்க ஆறியதும், ரம்பப் பல் கத்தியால் ஓரங்களைச் சீவி, 10 × 5 செ.மீ. துண்டுகளாக 12 வெட்டுங்கள்.

ஐசிங்

ஐசிங் சர்க்கரையில் தண்ணீரை ஒவ்வொரு டீஸ்பூனாக விட்டுக் கலக்குங்கள். கரண்டியிலிருந்து விழும் கோடு சில நொடி நின்று மறைந்தால் சரி. கலர் சேர்த்து, 6 துண்டுகளின் மேல் தடவுங்கள். துண்டைத் திருப்பி, ட்ரேயைத் தொட்டிருந்த வழவழப்பான பக்கத்தில் தடவினால் கடையில் வாங்கியது போலவே இருக்கும். காய அரை மணி நேரம் ஆகும்.

சேர்ப்பது

குளிர்ந்த க்ரீமை விஸ்க்கால் லேசாக மட்டும் கிளறுங்கள். ரொம்ப அடித்தால் தளர்ந்துவிடும். பைப்பிங் பையில் நிரப்பி, ஐசிங் இல்லாத துண்டுகளின் மேல் இரண்டு செ.மீ. உயரத்துக்குப் பிழியுங்கள். பை இல்லையென்றால் கெட்டியான பால் கவரின் மூலையை வெட்டிக்கொள்ளலாம், நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு. ஐசிங் துண்டை மேலே வைத்து, மிக லேசாக அழுத்துங்கள்.

முள்கரண்டியால் மேலிருந்து அழுத்தினால் க்ரீம் நாலு பக்கமும் பிதுங்கும். மேல் துண்டைத் தனியாக எடுத்துச் சாப்பிடுவது ஒரு வழி. டொம்பூஸைப் பக்கவாட்டில் சாய்த்து வெட்டுவது இன்னொரு வழி. எனக்கு இதுதான் பிடிக்கும், ஒவ்வொரு வாயிலும் மூன்றும் சேர்ந்து வரும். சேர்த்த இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். மிச்சமானால் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் தீர்த்துவிடலாம், மொறுமொறுப்பு மட்டும் இருக்காது.