பேஷன்ட் மானிட்டருக்கு ஐஇசி 62353 சோதனை: குறைந்த ரீடிங்கை உடனே நம்பாதீர்கள்

வார்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பேஷன்ட் மானிட்டரை இறக்கி, மின் பாதுகாப்புச் சோதனை செய்து, மறுபடி ஏற்றும் வரையிலான வேலை இது. பின்பற்றப்போவது மருத்துவ மின்கருவிகளுக்கான சர்வதேசத் தரநிலை ஐஇசி 62353, 2014-இல் வந்த இரண்டாம் பதிப்பு. பலர் இதை ஐஇசி 60601-1 உடன் குழப்பிக்கொள்கிறார்கள். அது புதிய வடிவமைப்புக்குச் சான்றளிக்கும் சோதனை. பயன்பாட்டில் இருக்கும் கருவிக்கும் பழுது பார்த்த கருவிக்கும் எழுதப்பட்டது 62353 தான். இரண்டின் வரம்புகளையும் கலந்து ரிப்போர்ட் எழுதாதீர்கள்.

மல்டிமீட்டரால் இது ஆகாது. மின் பாதுகாப்பை அளப்பதற்கென்றே இருக்கும் சேஃப்டி அனலைசர் வேண்டும். ஃப்ளூக் ஈஎஸ்ஏ615, ரைஜெல் 288 இரண்டிலும் 62353 வசதி உண்டு. எதை வாங்கினாலும் தொடக்கத்தில் ஆட்டோ சீக்வென்ஸை (எல்லாச் சோதனைகளையும் தானாக ஓட்டும் வசதி) தொடாமல் ஒவ்வொரு சோதனையையும் கையால் ஓட்டுங்கள். எந்தச் சோதனையில் மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்று மனதில் பதிந்த பிறகு ஆட்டோவுக்குப் போகலாம்.

1. கண்ணால் பார்ப்பது

பவர் கார்டு இரண்டு முனையிலும் நெளிந்திருக்கிறதா, பிளக்கின் எர்த் பின் ஆடுகிறதா, ஃபியூஸ் மதிப்பு பின்பக்க லேபிளோடு பொருந்துகிறதா, ஈசிஜி கேபிள் உறை வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். நிறைய கருவிகள் இங்கேயே தோற்றுவிடும். பின்னால் உள்ள குறியீடுகளையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: கிளாஸ் 1-ஆ (பாதுகாப்புக்கு எர்த்தை நம்புவது) 2-ஆ (எர்த் இல்லாமல் இரட்டை இன்சுலேஷனை நம்புவது), நோயாளி கேபிள் மாட்டும் ஒவ்வொரு சாக்கெட்டும் பிஎஃப்-ஆ (உடலைத் தொடுவது) சிஎஃப்-ஆ (இதயத்தையே தொடக்கூடியது, வரம்பு கடுமை). சதுரத்துக்குள் ஆள் உருவம் இருந்தால் பிஎஃப், சதுரத்துக்குள் இதயம் இருந்தால் சிஎஃப்.

2. எர்த் தொடர்ச்சி

பிளக்கின் எர்த் பின்னிலிருந்து கருவியின் உலோக உடல் வரை உள்ள தடையை அளப்பது இது. முதலில் டெஸ்ட் லீடின் தடையைப் பூஜ்யம் செய்யுங்கள். அதை மறந்தால் லீடின் தடையும் கருவியின் கணக்கில் சேர்ந்துவிடும். கழற்றக்கூடிய கார்டோடு சேர்த்து அளந்தால் வரம்பு 0.3 ஓம். கார்டு மட்டும் 0.1, கருவி மட்டும் 0.2. சோதனை மின்னோட்டம் குறைந்தது 200 மில்லிஆம்பியர் இருக்க வேண்டும்.

சோதனை ஓடும்போதே கார்டை முழு நீளத்துக்கும், குறிப்பாக இரு முனைகளிலும், வளைத்துப் பாருங்கள். உள்ளே ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அசையாத கார்டு பாஸ் ஆகும். வளைக்கும்போதுதான் எண் குதிக்கும். 25 ஆம்பியர் விட்டுப் பார்த்தால்தான் திருப்தி என்பவர்கள் உண்டு. மானிட்டருக்கு அது தேவையில்லை. எர்த்தோடு இணைந்த மெல்லிய சிக்னல் பாதைகளை அது எரித்துவிடக்கூடும்.

ரீடிங் அதிகமாக வந்தால் உடனே ஃபெயில் எழுதாதீர்கள். பவுடர் கோட்டிங், அனோடைஸ் செய்த அலுமினியம் ஆகியவற்றின் மேல் புரோப் வைத்தால் எதுவும் கடத்தாது. எர்த்தோடு இணைந்த வெற்று உலோக ஸ்க்ரூவைத் தேடி வையுங்கள்.

3. இன்சுலேஷன்

500 வோல்ட் டிசி. கிளாஸ் 1 கருவியில் மெயின்ஸுக்கும் எர்த்துக்கும் இடையில் குறைந்தது 2 மெகாஓம் வர வேண்டும். தயாரிப்பாளர் கையேடு வேண்டாம் என்று சொன்னால் செய்யாதீர்கள். லைனுக்கும் எர்த்துக்கும் இடையில் சர்ஜ் தடுப்பான் இருந்தால் 500 வோல்ட்டில் அது கடத்தத் தொடங்கிவிடும். நல்ல இன்சுலேஷனும் கெட்டதாகத் தெரியும்.

4. கருவியின் கசிவு மின்னோட்டம்

இன்சுலேஷனையும் கெப்பாசிட்டர்களையும் தாண்டி எர்த்துக்குக் கசியும் சிறு மின்னோட்டத்தை அளப்பது இது. மூன்று முறைகள் இருக்கின்றன: ஆல்டர்னேட்டிவ் (கருவியை ஓடவிடாமல் அளப்பது), டைரக்ட் (ஓடவிட்டு, எர்த்துக்குப் போகும் கசிவை நேராக அளப்பது), டிஃபரன்ஷியல் (ஓடவிட்டு, லைன், நியூட்ரல் மின்னோட்டங்களின் வித்தியாசத்தை அளப்பது). கிளாஸ் 1-க்கு ஆல்டர்னேட்டிவ் வரம்பு 1000 மைக்ரோஆம்பியர், மற்ற இரண்டுக்கும் 500.

இரு மடங்கு ஏன்? பவர் சப்ளையில் லைனிலிருந்து எர்த்துக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒன்று என வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 2.2 நானோஃபேரட் என்று வையுங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஒன்றின் வழியே சுமார் 159 மைக்ரோஆம்பியர் போகும். சாதாரணமாக ஓடும்போது நியூட்ரல் எர்த்துக்கு அருகிலேயே இருப்பதால் லைன் பக்கக் கெப்பாசிட்டர் மட்டும் கசியும். ஆல்டர்னேட்டிவ் முறையில் லைனையும் நியூட்ரலையும் சேர்த்து மெயின்ஸ் வோல்டேஜ் கொடுப்பதால் இரண்டும் கசிந்து 318 காட்டும். கருவி ஒன்றே, முறைதான் வேறு. அதனால் எந்த முறை என்று எழுதாத ரீடிங்குக்கு மதிப்பில்லை.

ஆல்டர்னேட்டிவில் கருவி உண்மையில் ஓடுவதில்லை. மின்னணு சுவிட்ச் அல்லது ரிலேவுக்குப் பின்னால் இருக்கும் பகுதியை அது தொடவே தொடாது. எனவே மானிட்டருக்கு டைரக்ட் அல்லது டிஃபரன்ஷியல் எடுங்கள். டைரக்டில் பொலாரிட்டியை (லைனையும் நியூட்ரலையும் இடம்) மாற்றி இரண்டு முறை அளந்து, பெரிய எண்ணை எழுதுங்கள்.

ஆரம்பத்தில் எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். டைரக்ட் முறையில் மானிட்டருக்கு வேறு எந்த எர்த் தொடர்பும் இருக்கக்கூடாது. சென்ட்ரல் ஸ்டேஷன் நெட்வொர்க் கேபிள், பிரிண்டர், ஈக்விபொட்டென்ஷியல் கேபிள் (கருவிகளின் உலோக உடல்களை ஒரே எர்த்தோடு இணைப்பது), சுவரில் திருகிய இரும்பு ஸ்டாண்டு, இவற்றில் ஏதாவது ஒன்று மாட்டியிருந்தாலும் கசிவு அந்த வழியாகத் தப்பிப்போகும். அனலைசர் 12 மைக்ரோஆம்பியர் என்று அழகாகக் காட்டும். அந்த எண் பொய். எல்லாவற்றையும் கழற்றி, மர மேசையில் வைத்து அளங்கள். கழற்ற முடியாத கருவி என்றால் டிஃபரன்ஷியல் எடுங்கள். அது லைன், நியூட்ரல் இரண்டின் வித்தியாசத்தைப் பார்ப்பதால் இன்னொரு எர்த் இருந்தாலும் ஏமாறாது. ஆனால் மிகச் சிறிய கசிவில் அதன் துல்லியம் குறைவு.

சாக்கெட்டையும் சந்தேகப்படுங்கள். முதலில் லைன்-எர்த், நியூட்ரல்-எர்த் வோல்டேஜை அளங்கள். நியூட்ரல்-எர்த் சில வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஐசியூ, ஆபரேஷன் தியேட்டரில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வரும் சாக்கெட்டில் இரண்டு கம்பிகளுக்கும் எர்த் தொடர்பு இல்லை. கசிவு திரும்பிவர வழியே இல்லாததால் ரீடிங் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். நியூட்ரல் எர்த்தோடு சேராத யுபிஎஸ், இன்வெர்ட்டரிலும் இதே கதைதான்.

மெயின்ஸ் 230 இல்லையென்றால் திருத்துங்கள். 215 வோல்ட்டில் 300 வந்தால் 300 × 230 ÷ 215, அதாவது 321 என்று எழுதுங்கள். சில அனலைசர்கள் தாமாகவே திருத்தும். இரண்டு முறை திருத்திவிடாதீர்கள்.

5. நோயாளியைத் தொடும் பகுதிகள்

ஈசிஜி லீட்கள் அனைத்தையும் அனலைசரில் சொருகுங்கள். டைரக்ட் முறையில் சிஎஃப் வரம்பு 50 மைக்ரோஆம்பியர், பிஎஃப் 5000. ஆல்டர்னேட்டிவில் சிஎஃப் 100, பிஎஃப் 5000. இந்தச் சோதனையில் லீட்களின் மேல் மெயின்ஸ் வோல்டேஜ் ஏறுகிறது. யாரும் தொடக் கூடாது. நோயாளி அருகில் இருக்கவே கூடாது.

சிஎஃப் ஃபெயில் ஆனால் முதலில் கேபிளைப் பாருங்கள். இரும்பு மேசையில் சுருட்டிக் கிடந்தால் கெப்பாசிட்டன்ஸே எண்ணை ஏற்றிவிடும். விரித்துத் தூக்கிப் பிடித்து மறுபடி அளங்கள்.

6. எண்ணை எப்படித் தீர்ப்பது

வரம்பின் 90 முதல் 100 சதவீதத்துக்குள் வந்தால், உதாரணமாக 500 வரம்பில் 450-க்கு மேல், பழைய ரீடிங்கோடு ஒப்பிட வேண்டும் என்கிறது தரநிலை. பழையது இல்லையென்றால் அடுத்த சோதனையை முன்கூட்டியே வையுங்கள். அதனால்தான் புதுக் கருவி வந்த நாளிலேயே அளந்து வைப்பது அவசியம். போன வருடம் 120, இந்த வருடம் 380 என்றால் வரம்புக்குள் இருந்தாலும் திறந்து பாருங்கள்.

கடைசியாக கருவியை ஓடவிட்டு அலாரம் அடிக்கிறதா என்று சோதியுங்கள். ரிப்போர்ட்டில் முறை, மெயின்ஸ் வோல்டேஜ், அனலைசரின் சீரியல் எண், பயன்படுத்திய கார்டு ஆகியவை இருக்கட்டும். கழற்றிய நெட்வொர்க் கேபிளையும் ஈக்விபொட்டென்ஷியல் கேபிளையும் மீண்டும் மாட்டிய பிறகே வார்டுக்கு அனுப்புங்கள்.

பின்சேர்க்கை: பலரும் கேட்பது, வெளி அடாப்டரில் ஓடும் சிறிய மானிட்டரை எப்படி அளப்பது என்று. அடாப்டரோடு சேர்த்தே அளங்கள். அடாப்டர் கிளாஸ் 2 என்றால் எர்த் தொடர்ச்சிச் சோதனை இல்லை. கசிவு வரம்பு ஆல்டர்னேட்டிவில் 500, டைரக்டில் 100. உடைந்த அடாப்டருக்குப் பதில் கடையில் கிடைத்த லேப்டாப் அடாப்டரை மாட்டியிருந்தால், ரீடிங் எவ்வளவு நன்றாக வந்தாலும் பாஸ் போடாதீர்கள்; தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடாப்டர் வரும் வரை அந்த மானிட்டர் அலமாரியிலேயே இருக்கட்டும்.