இரும்புக் கத்திக்குக் கண்ணாடிப் பாலிஷா, சாட்டினா?

நம் வீடுகளில் இரும்புக் கத்தி என்று சொல்லப்படுவது கார்பன் ஸ்டீல் கத்திதான். நெல்லைப் பக்கத்துக் கொல்லுப்பட்டறைகளில் பழைய லாரியின் வில்பட்டையை வெட்டி, காய்ச்சி அடித்துச் செய்யும் கத்தியில் கரிமம் ஏறக்குறைய 0.5 முதல் 0.65 சதவீதம் வரை இருக்கும். எவர்சில்வரைத் துருவிலிருந்து காப்பது குறைந்தது 10.5 சதவீதம் அளவுக்கு அதில் கலந்திருக்கும் குரோமியம். வில்பட்டையிலோ அது ஏறக்குறைய 1 சதவீதத்துக்கு மேல் போகாது. எனவே இரும்புக் கத்தியின் முகத்தை, அதாவது அலகின் பக்கப் பரப்பை, கண்ணாடிபோல் பளபளப்பாக்கியிருக்கிறார்களா, மெல்லிய கோடுகளோடு சாட்டினாக விட்டிருக்கிறார்களா என்பது அழகைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. கறை எப்படிப் படியும், துரு எங்கே தொடங்கும், அதைத் துடைத்தெடுக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்பவற்றையும் அதுவே தீர்மானிக்கிறது.

முதல் படி: கத்தி எதனால் ஆனது என்று பாருங்கள். காந்தத்தை நம்ப வேண்டாம். எவர்சில்வர் கத்திகளிலும் பெரும்பாலானவை காந்தத்தில் ஒட்டும். எலுமிச்சைத் துண்டு ஒன்றைக் கத்தியின் முகத்தில் ஓர் ஓரமாகத் தேய்த்துப் பத்து நிமிடம் விட்டுவைத்தால், கார்பன் ஸ்டீலாக இருப்பின் அந்த இடம் சாம்பல் நிறமாக மாறும். மாறாவிட்டால் அது எவர்சில்வராகவோ குரோம் முலாம் பூசியதாகவோ இருக்கலாம். அதற்கு இந்த விளக்கம் பொருந்தாது.

இரண்டாம் படி: கத்தியின் முகம் இந்த இரண்டில் எந்த வகை என்று பிரித்தறியுங்கள். கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். உங்கள் முகம் தெளிவாகத் தெரிந்தால் அது கண்ணாடிப் பாலிஷ்; உப்புத்தாளில் 220, 400, 800, 1200, 2000 என்று படிப்படியாக ஏறி (எண் கூடக் கூடத் தாளின் சொரசொரப்பு குறையும்), ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை அழித்த பிறகு, கடைசியில் மெருகுப் பசை தடவிய பஃப் எனும் சுழலும் துணிச் சக்கரத்தில் கொடுத்து எடுப்பது. பத்தமடைப் பாயில் கோரை இழைகள் பக்கம் பக்கமாகப் படுத்திருப்பதுபோல மெல்லிய கோடுகள் ஒரே வாட்டத்தில் ஓடினால் அது சாட்டின். 220 முதல் 600 வரையிலான ஏதோ ஒரு தாளோடு வேலை அங்கேயே நிறுத்தப்பட்டிருக்கிறது.

மூன்றாம் படி: உங்கள் அடுக்களையில் என்ன நறுக்குகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். முடிவு பெரும்பாலும் இங்கேயே கிடைத்துவிடும். ஒரு நாள் கூட்டாஞ்சோற்றை எடுத்துக்கொள்வோம். மாங்காயின் புளிப்பு இரும்பைத் தின்னும். வாழைக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து மை போன்ற கருநீலக் கறையை உண்டாக்கும். வெங்காயம் தன் பங்குக்குப் பழுப்பு பூசும். இந்தக் கறை துரு அன்று. துடைத்துத் துடைத்துப் பயன்படுத்தி வந்தால் சில வாரங்களில் அது கருஞ்சாம்பல் நிறப் படலமாக நிலைத்து, செந்துரு ஏறுவதை ஓரளவு தடுக்கும். சாட்டின் முகத்தில் இந்தப் படலம் கோடுகளோடு கலந்து சீராகத் தெரியும். கண்ணாடிப் பாலிஷிலோ திட்டுத் திட்டாக, தேமல் விழுந்ததுபோல் தெரியும். நான் முதலில் வாங்கிய கத்தி அப்படிப் பளபளத்த ஒன்று. ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிவிட்டு அரை மணி நேரம் கழுவாமல் வைத்ததில் திட்டு விழுந்தது. அதைப் போக்குவதாக எண்ணிக் கம்பி நாரால் வட்ட வட்டமாகத் தேய்த்தேன். கறையும் முழுதாகப் போகவில்லை, கண்ணாடியும் போய்விட்டது.

பாலிஷுக்கும் ஒரு நியாயம் உண்டு. வழவழப்பான பரப்பில் நீரும் உப்பும் தங்குவதற்குப் பள்ளங்கள் குறைவு என்பதால் துரு சற்றுத் தாமதமாகவே பிடிக்கும். உவரி, கூடங்குளம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றில் வாழ்பவர்களும், பழமோ இறைச்சியோ நறுக்குவதற்கென்று தனிக் கத்தி வைத்து உடனுக்குடன் கழுவித் துடைப்பவர்களும் அதைத் தேர்ந்தெடுக்கலாம். உருளைக்கிழங்குத் துண்டுகள் அதில் சற்று அதிகமாக ஒட்டிக்கொள்ளும் என்பது சிறு குறைதான். அன்றாடச் சமையலுக்கு, அதிலும் முதல் கத்திக்கு, சாட்டினே போதும் என்பது என் முடிவு. அதன் முகம் கெட்டாலும் வீட்டிலேயே கையால் சரிசெய்துவிடலாம்.

நான்காம் படி: பட்டறையில் கேட்டு வாங்குங்கள். “அண்ணாச்சி, பஃப் போட வேண்டாம், 400 நம்பர் தாளால் ஒரே வாட்டத்தில் இழுத்துக் கொடுங்க” என்றால் போதும். பஃப் போட்டே வேண்டுமானால், அலகு கையைச் சுடாத அளவுக்கு இடையிடையே தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். சக்கரத்தின் உரசலில் இரும்பு சூடேறி முதலில் வைக்கோல் மஞ்சளாகி, 300 டிகிரி செல்சியஸை ஒட்டி நீலமாகும். விளிம்பில் நீலம் கண்டால் அங்கே தோய்ச்சலில் (காய்ச்சிய அலகைச் சட்டென்று முக்கிக் குளிர்விப்பதில்) ஏறிய கடினம் இறங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் எத்தனை முறை சாணை பிடித்தாலும் கூர் நிற்காது.

ஐந்தாம் படி: கோடுகளைக் கையால் புதுப்பிக்கப் பழகுங்கள். கத்தியைப் பலகை மேல் படுக்கவைத்து நகராதபடி இறுக்கி, வெட்டும் விளிம்பின் மேல் இரண்டு சுற்று டேப் ஒட்டுங்கள். சிறு மரக்கட்டையில் 400 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை) சுற்றி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, பிடியிலிருந்து நுனியை நோக்கி நேராக இழுங்கள். திரும்ப வரும்போது கட்டையைத் தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் கோடுகள் நுனியில் கொக்கிபோல் வளைந்து நிற்கும். பழைய கறை மறைந்ததும் புதிய தாளால் நாலைந்து முறை மெதுவாக இழுத்து முடித்து, கழுவி, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். மேலே படிந்திருந்த படலமும் இதில் போய்விடும் என்பதால் இதை மாதந்தோறும் செய்ய வேண்டியதில்லை.

எந்த முகமானாலும் துடைத்த பின் ஒரு துளித் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தென்காசிப் பக்கம் சாரல் பிடிக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், எல்லா ஊர்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும், கத்தியை ஈரப் பலகை மேலோ தொட்டியிலோ விடாமல் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுவது நல்லது.