பழைய செல்போன்களைத் திரும்பிப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பல வீடுகளின் பீரோவில், பத்திரக் கட்டுகளுக்குப் பக்கத்தில் பழைய செல்போன்கள் மூன்று நான்கு கிடக்கின்றன. அவற்றை வரிசைப்படுத்தி, எந்தப் போன் எப்போது வந்தது, யாரிடம் இருந்தது, உள்ளே என்ன மிச்சமிருக்கிறது என்று எழுதிவைக்க விரும்புவது நல்ல ஆசை. ஒரு குடும்பத்தின் இருபது ஆண்டு வாழ்க்கை அதற்குள் அடங்கியிருக்கிறது. ஆனால் நினைவை மட்டும் நம்பி ஆண்டுகளைக் குறிப்பதும், கையில் எடுத்த உடனே சார்ஜரைச் செருகுவதும் அந்த முயற்சியை முளையிலேயே கெடுத்துவிடுகின்றன. சான்றுகளை முதலில் திரட்டிவிட்டு நினைவைப் பிறகு கேட்பதே சரியான முறை என்பது என் உறுதியான கருத்து.

பரவலாகக் காணப்படும் தவறு, ஒரு மாடல் வெளிவந்த ஆண்டையே தாம் அதை வாங்கிய ஆண்டாக எழுதிவிடுவது. நோக்கியா 1100 வெளிவந்தது 2003-ல். அதற்காக உங்கள் வீட்டுக்கு அது 2003-லேயே வந்திருக்க வேண்டும் என்பதில்லை. டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் புதிதாக விற்ற போன், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து உசிலம்பட்டியிலோ மேலூரிலோ ஒரு வீட்டுக்குக் கைமாறி வந்திருக்கலாம். பேட்டரியைக் கழற்றினால் கீழே ஒட்டியிருக்கும் சீட்டில் மாடல் எண், ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ, தயாரான நாடு ஆகியவை அச்சாகியிருக்கும். நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. ஆகவே இந்தியாவில் தயாரானது என்று அச்சிட்ட அந்நாளைய நோக்கியா போன் 2006-க்கு முன்பு உங்கள் கைக்கு வந்திருக்க முடியாது. நோக்கியாவில் *#0000# என்று அழுத்தினால் ஒரு தேதி தெரியும். அது மென்பொருளின் தேதி என்பதை மறந்து, வாங்கிய தேதியாகக் குறித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

நினைவும் பயன்படும், அதை ஒரு பொது நிகழ்வோடு கட்டிவைத்தால். அழைப்பை எடுப்பதற்கே காசு போனது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், அந்தப் போன் 2003 மே மாதத்துக்கு முந்தையது என்று கொள்ளலாம். உள்வரும் அழைப்புகள் பொதுவாக இலவசமானது 2003 மே 1 முதல்தான். 501 ரூபாய் கட்டி வாங்கிய ரிலையன்ஸ் போன் என்றால் அது 2003-ன் மழைக்காலத் திட்டத்தில் வந்ததாக இருக்கும். எண்ணின் முதல் நான்கு இலக்கத்தைப் பார்த்து எந்த நிறுவனத்தின் இணைப்பு என்று முடிவு கட்டுவது மட்டும் ஆபத்தானது. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ள முடிந்ததால், அதற்குப் பிந்தைய காலத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது.

புகைப்படங்களில் நிகழும் பிழை இதைவிடப் பெரியது. பேட்டரி முழுவதும் இறங்கிய பழைய போனில் கடிகாரம் தொடக்கத் தேதிக்குத் திரும்பிவிடும். அதைத் திருத்தாமல் எடுத்த படங்கள் ஏதோ ஓர் ஆண்டின் ஜனவரி 1-ஐயோ அதையொட்டிய நாள்களையோ காட்டும். வாட்ஸ்அப்பில் வந்த படமோ எடுத்த நேரம் முதலிய விவரங்களை இழந்துதான் வந்து சேர்கிறது. கோப்பின் பெயரில் இருக்கும் எட்டு இலக்கத் தேதி, பெரும்பாலும் அந்தப் படம் உங்கள் போனுக்கு வந்த நாளையே குறிக்கும். எனவே தேதியைப் படத்துக்குள்ளேயே தேட வேண்டும். இதில் மதுரைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. 2018 பிப்ரவரி 2 அன்று மீனாட்சி அம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததைத் தொடர்ந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்படி அவ்வாண்டு மார்ச் மாதம் முதல் பக்தர்கள் கோயிலுக்குள் செல்போன் கொண்டுசெல்லத் தடை வந்தது. பொற்றாமரைக் குளத்தின் படிக்கட்டில் குடும்பத்தோடு செல்போனில் எடுத்த படம் உங்களிடம் இருந்தால், அது அதற்கு முந்தையது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அதுபோலவே, அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகைக் கரை கொள்ளாமல் கூட்டம் நிற்கும் படம் 2020-லோ 2021-லோ எடுத்ததாக இருக்க முடியாது. பெருந்தொற்றால் அந்த இரண்டு ஆண்டுகளும் மக்கள் கூட அனுமதி இல்லை. நத்தம் சாலை மேம்பாலம் போக்குவரத்தோடு பின்னணியில் தெரிந்தால், அது திறக்கப்பட்ட 2023 ஏப்ரலுக்குப் பிந்தைய படம்.

அடுத்து, பேட்டரி. கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில், ஓட்டு வீட்டின் பரணிலோ தகரக் கூரைக்கு அடியிலோ பல ஆண்டுகள் கிடந்த லித்தியம் பேட்டரியை அப்படியே சார்ஜில் போடுவது கூடவே கூடாது. முதலில் அதைக் கழற்றிச் சமமான மேசையில் வைத்துப் பாருங்கள். நடுப்பகுதி உப்பி, தொட்டால் ஆடுமானால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. அதை அமுக்கவோ குத்தவோ கூடாது. அடியோடு சக்தி இழந்த பேட்டரியை இரண்டு ஒயர் வைத்து நேரடியாக உயிரூட்டித் தருவதாகச் சில இடங்களில் சொல்வார்கள். அதற்கு இசைய வேண்டாம். நோக்கியாவின் பிஎல்-5சி போன்ற பேட்டரி வகைகள் இப்போதும் புதிதாகக் கிடைக்கின்றன. புதிய பேட்டரி, அந்தப் போனுக்குரிய சார்ஜர், ஆள் பக்கத்தில் இருக்கும் பகல் நேரம் ஆகிய மூன்றும் அமைந்த பிறகு சார்ஜ் போடுவதே முறை. நோக்கியாவில் பெரிய பின், சின்ன பின் என்று இரண்டு அளவுகள் உண்டு என்பதால் சார்ஜரையும் பார்த்து வாங்க வேண்டும்.

போன் உயிர்பெற்றதும் பலர் கையிலிருக்கும் சிம்மை அதில் போட்டுப் பார்க்கிறார்கள். இதில் ஓர் இழப்பு நேரக்கூடும். பல பழைய மாடல்களில் வேறு சிம் போட்ட உடனே அழைப்புப் பட்டியல் அழிந்துவிடும்; யார் கடைசியாகப் பேசினார் என்ற தடயம் அத்துடன் போகும். சேவை நின்றுபோனதாக இருந்தாலும், அந்தப் போனில் இருந்த பழைய சிம்மையே போடுங்கள். உள்ளே உள்ளதைப் பார்க்க அது பெரும்பாலும் போதும். பெயர்ப் பட்டியல் சிம்மில் ஒரு பகுதியும் போனின் நினைவகத்தில் ஒரு பகுதியுமாகப் பிரிந்திருக்கும் என்பதால் இரண்டையும் தனித்தனியே பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். சிடிஎம்ஏ என்ற வேறு தொழில்நுட்பத்தில் இயங்கிய ரிலையன்ஸ் போன்களில் பெரும்பாலும் கழற்றக்கூடிய சிம்மே கிடையாது. அவற்றில் இருப்பதெல்லாம் போனுக்குள்தான்.

மீட்கும்போது படங்களோடு நிறுத்திவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. குரல் பதிவுகளும், சிறு காணொளிகளும், குறுஞ்செய்திகளும்தான் வேறெங்கும் கிடைக்காதவை. ஏஎம்ஆர், 3ஜிபி போன்ற பழைய வடிவங்களிலுள்ள கோப்புகளை இன்றைய போன் திறக்க மறுத்தால், அவை கெட்டுவிட்டன என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். கணினியில் விஎல்சி மென்பொருளில் அவை ஓடும். கணினியோடு இணைக்க வழியில்லாத போன்களின் குறுஞ்செய்திகளை, திரையை ஒவ்வொன்றாகப் படமெடுத்தாவது காப்பாற்றலாம். மேலூர் அத்தை, அழகர்கோயில் சித்தப்பா, பால்காரர் என்று பதிந்த பெயர்களையும் அப்படியே எழுதிவையுங்கள். எண்கள் செத்துப் போயிருக்கலாம். அந்த வீட்டுக்கு யார் யார் வேண்டியவர்களாக இருந்தார்கள் என்பது அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. அதேபோல் ‘என் முதல் போன்’ என்று ஒருமையில் எழுதும் முன் யோசிக்க வேண்டும். அப்பா வாங்கி, அண்ணன் கல்லூரிக்குக் கொண்டுபோய், கடைசியில் அப்பத்தாவின் தலைமாட்டில் இருந்த போனுக்கு மூன்று வரலாறுகள் உண்டு. மூவரில் இருப்பவர்களிடம் கேட்காமல் எழுதுவது அரைகுறையாகவே முடியும்.

பழைய எண்ணைக் கவனிக்காமல் விடுவது பணத்தையும் பாதிக்கும். தொடர்ந்து 90 நாள் பயன்பாடு இல்லாமல், கணக்கில் 20 ரூபாய்க்கும் குறைவாக இருக்கும் ப்ரீபெய்டு எண் துண்டிக்கப்படலாம். பிறகு அது வேறொருவருக்குப் போய்ச் சேரும். வங்கிக் கணக்கும் ஆதாரும் கேஸ் பதிவும் அந்த எண்ணிலேயே இருந்தால், அவற்றின் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். 2018 பிப்ரவரியில் செல்போன் சேவை நிறுவனமான ஏர்செல் திவால் நடைமுறைக்கு விண்ணப்பித்தபோது, தமிழ்நாட்டில் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளாமல் விட்டவர்கள் பலர் அந்த எண்ணை இழந்தார்கள். எந்த எண் எந்தச் சேவையோடு இணைந்திருந்தது என்பதையும் உங்கள் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்து, தேவையானவற்றைப் புதிய எண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

எல்லாவற்றையும் எடுத்தாயிற்று, போனை விற்கலாம் என்றால், ஆண்ட்ராய்டு போனில் முதலில் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறிய பின்னரே முழுவதையும் அழிக்க வேண்டும். இல்லையெனில் வாங்கியவர் அதைத் திறக்க முடியாமல் திரும்பி வரக்கூடும். மெமரி கார்டு உள்ளேயே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விற்பதற்கு முன் *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணைக் குறித்து, விற்ற தேதியுடன் வாங்கியவரின் கையெழுத்தையும் பெற்றுவிட வேண்டும். அந்தப் போன் பின்னாளில் ஏதேனும் குற்றத்தில் பயன்பட்டால் காவல்துறை ஐஎம்இஐ எண்ணைப் பின்தொடர்ந்து வரக்கூடும். அப்போது காட்டுவதற்கு உங்களிடம் அந்தத் தாள் இருக்க வேண்டும்.