"எவ்வளவு எதிர்பார்க்கிறீங்கள்?" எண்டு கேட்டா முழிக்காம இருக்க

வவுனியா கம்பஸ் இருக்கிற பம்பைமடுவில கேட்டாலும் கிளிநொச்சியில யாழ்ப்பாணக் கம்பஸின்ர பீடங்கள் இருக்கிற அறிவியல்நகரில கேட்டாலும் பைனல் இயர் பிள்ளையள் சொல்லுறது ஒண்டுதான், நல்ல சம்பளம், வீட்டுக்குக் கிட்ட, டென்ஷன் இல்லாத வேலை. நானும் அப்பிடித்தான் சொல்லித் திரிஞ்சனான். முதல் இன்டர்வியூவில சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீங்கள் எண்டு கேட்டோன்ன "நீங்கள் பாத்துத் தாங்கோ" எண்டுட்டன், அவையும் பாத்துத்தான் தந்தவை 😅

அதால முதல் ஒரு கொப்பியும் பேனையும் எடுங்கோ. கொழும்பில வேலை எண்டா போர்டிங், சாப்பாடு, பஸ், வீட்ட அனுப்புற காசு, தம்பின்ர டியூசன் எல்லாத்தையும் எழுதிக் கூட்டுங்கோ. வவுனியாவில இருந்தே 250 கிலோமீற்றர் சொச்சம், முல்லைத்தீவுப் பிள்ளையளுக்கு இன்னும் தூரம், ஒவ்வொரு கிழமையும் வந்துபோவன் எண்டு கணக்குப் போடாதீங்கோ, முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு லீவு கிடைச்சாலே பெரிய விசயம். அந்தக் கூட்டுத்தொகைக்குக் கீழ வாயால சொல்லாதீங்கோ.

பிறகு கைக்கு வாறது எவ்வளவு எண்டு பாக்கோணும். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 60,000 எண்டா உங்கட பங்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 8 வீதம், 4,800 கழியும். கொம்பனி தன்ர பங்கா 12 வீதமும் ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் தனியாக் கட்டோணும், அது உங்கட சம்பளத்தில வெட்டுற காசில்லை. பேசிக்கக் குறைச்சு மிச்சத்த அலவன்ஸ் எண்டு தாற இடங்களும் இருக்கு, மொத்தத் தொகையப் பாத்து மயங்கினா ஈபிஎஃப் காசில அடி விழும்.

இனி வீட்டுக் கதை. அம்மா அப்பாவுக்கு கவர்மென்ட் வேலைதான் வேலை, மற்றதெல்லாம் சும்மா. அவையில பிழை சொல்லேலாது, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்த சனம், மாசம் முடிய நிச்சயமா வாற காசும் பென்சனும் பெரிசாத்தான் தெரியும். ஆனா 2020இல பட்டதாரிப் பயிலுனரா எடுத்தவைக்கு ட்ரெய்னிங் காலத்தில மாசம் 20,000தான், அதிலயும் ஈபிஎஃப் இருந்த, அதாவது ஏற்கெனவே பிரைவேட்டில வேலை செய்த ஆக்கள்ர பேரை முதல் வெட்டினவை எண்டு பெரிய பிரச்சினை வந்தது. அந்தப் பயத்தில இண்டைக்கும் பிரைவேட் வேலைக்குப் போகாம வீட்டில இருக்கிற ஆக்கள் இருக்கினம். என்ர எண்ணம், அரசாங்க வேலை அறிவித்தல் வாற கசெற்றப் பாத்து அப்ளை பண்ணுங்கோ, ஆனா அதுக்காக ரெண்டு மூண்டு வருசம் சும்மா இருக்காதீங்கோ, சும்மா இருந்த வருசத்தப் பற்றித்தான் பிறகு எல்லா இன்டர்வியூவிலயும் கேப்பினம்.

டென்ஷன் இல்லாத வேலை எண்டு ஒண்டு இல்லை, உங்களுக்கு எது டென்ஷன் எண்டதக் கண்டுபிடிச்சு அதக் கேள்வியாக் கேளுங்கோ. சனிக்கிழமையும் வேலையோ, ப்ரொபேஷன் (நிரந்தரமாக்க முதல் பாக்கிற காலம்) எத்தினை மாசம், சிங்களம் கட்டாயமோ, ஆர் வேலை பழக்குவினம். தங்கச்சிமார் முக்கியமா வேலை விடுற நேரத்தக் கேளுங்கோ, ஊருக்குப் போற கடைசி பஸ் போட்டுதெண்டா ஏ9 ரோட்டில நிண்டு என்ன செய்யிறது? இதுகளக் கேட்டா திமிர் எண்டு நினைப்பினமோ எண்டு பயப்பிட வேண்டாம், கேக்கிற பிள்ளையத்தான் விளங்கின பிள்ளை எண்டு பாப்பினம்.

லெட்டர் தந்தா அங்கயே சைன் வைக்காதீங்கோ. ஒரு நாள் டைம் கேட்டு வீட்ட கொண்டுவந்து வாசியுங்கோ, விலகிறதெண்டா எத்தினை நாளுக்கு முதல் சொல்லோணும், பொண்ட், அதாவது இவ்வளவு காலம் வேலை செய்யோணும், இடையில விட்டா காசு கட்டோணும் எண்ட ஒப்பந்தம், ஏதும் இருக்கோ எண்டு பாருங்கோ. பொண்ட் இருந்தா இடையில விட்டா எவ்வளவு கட்டோணும் எண்டதையும் கேட்டு எழுத்தில வாங்கிப்போட்டு சைன் வையுங்கோ.